உடைந்தால் உடையட்டும்

கார்த்திகை தீபத்துக்குச் சில மாதங்கள் இருக்கும்போதே விருத்தாசலத்தின் செராமிக் கூடங்களில் அகல் விளக்கு வேலை சூடுபிடித்துவிடும். களிமண்ணோடு ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைத்துச் சேர்த்த கலவையைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சுகளில் உருவாக்கி, பிசிறு நீக்கி, உலர்த்தி, ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் வேகவைத்து எடுக்கிறார்கள். இந்த வட்டாரத்து வெள்ளைக் களிமண்ணை நம்பித்தான் இங்கே தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்க ஓர் அரசு நிறுவனமும் வந்தது. விளக்கு, தேநீர்க் கோப்பை, கொலு பொம்மை, வீட்டு மின்பலகையில் மாட்டும் ஃபியூஸ் கட்டை என்று இங்கிருந்து போகும் சரக்குகளுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. கைதவறினால் உடையும். வியாபாரிக்கு அது தலைவலி. வைக்கோல் வைத்துக் கட்டினாலும், அட்டைப்பெட்டியில் அடுக்கினாலும், போய்ச் சேரும் ஊரில் சில உருப்படிகள் சில்லாகத்தான் இறங்கும். ஆனால் குழந்தைக்கு என்ன பரிசு வாங்குவது என்று யோசிக்கிறவர்களுக்கு அந்தக் குணமே ஒரு நல்ல விடையைத் தருகிறது என்பது என் கட்சி. பிறந்தநாளுக்கு ஒரு பொம்மையை வாங்கும் காசில், குழந்தைக்கென்றே ஒரு பீங்கான் கோப்பையோ, அதன் கையால் ஏற்றுவதற்கு நான்கு விளக்குகளோ வாங்கிக் கொடுக்கலாம். கவனம் தப்பினால் உடைந்துபோகிற ஒன்றாக அது இருக்க வேண்டும்.

இது புதுமையான யோசனையும் இல்லை. பிறந்த பிள்ளைக்குத் தாய்மாமன் கொண்டுவரும் சீரில் என்னென்ன இருந்தன என்று எண்ணிப் பார்த்தால் போதும். அரைஞாண், கொலுசு, தொட்டில், பால் புகட்டும் பாலாடை, வசதிப்பட்டால் வெள்ளிக் கிண்ணம். கிலுகிலுப்பை ஒன்றைத் தவிர விளையாட்டுச் சாமான் என்று அதில் எதுவும் இருக்காது. பிள்ளை புழங்கப்போகும் பொருளைத்தான் கொடுத்தார்கள். பாத்திரக்கடையில் நின்று டம்ளரில் பேர் வெட்டி வாங்கிப்போகும் வழக்கம் அதன் தொடர்ச்சி. எவர்சில்வரில் புள்ளி புள்ளியாகப் பொறித்த பெயர், அந்தப் பெயருக்குரியவர் கல்யாணமாகிப் போன பிறகும் அலமாரியில் இருக்கும். இன்று அந்த இடத்தில் வண்ணக் காகிதம் சுற்றிய பிளாஸ்டிக் கார் வந்து உட்கார்ந்திருக்கிறது. விழாவுக்கு வந்த குழந்தைகளுக்கு ‘ரிட்டர்ன் கிஃப்ட்’ என்று இன்னொரு பிளாஸ்டிக் போகிறது. மறுநாள் இரண்டும் கட்டிலுக்கடியில் கிடக்கும். அவை உடைந்தால் வீட்டில் யாரும் வருந்துவதில்லை, குழந்தை உள்பட.

பொம்மை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. நம் இலக்கியத்தில் பிள்ளை விளையாட்டுக்கு இருக்கும் இடம் பெரியது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர் உருட்டும் மூன்று கால் தேர் வருகிறது. பெரும்பாணாற்றுப்படையில் தச்சர் வீட்டுப் பிள்ளைகளும் ஆசைப்படும்படி செய்த சிறுதேர் வருகிறது. பிள்ளைத்தமிழில் ஆண்பால் பிள்ளைக்கு உரிய கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். இந்தப் பெயர்களைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். மூன்றிலும் ‘சிறு’ என்ற சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீடு, பறை, தேர் ஆகிய மூன்றும் பெரியவர்களின் உலகத்துப் பொருள்கள். குழந்தைக்கு அவை வேண்டும். அளவு மட்டும் தன் கைக்கு அடங்க வேண்டும். மரத்திலும் மாக்கல்லிலும் மண்ணிலும் செய்த சொப்புச் சாமான் இதே ஆசையின் இன்னொரு வடிவம். குழந்தை ஆசைப்படுவது அம்மா கையிலிருக்கும் கரண்டிக்கு; நாம் கொடுப்பது கரண்டியைப் போன்ற ஒன்று.

இந்த ஊகத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஆஞ்சலின் லில்லார்டு உள்ளிட்ட உளவியலாளர்கள், மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளிடம் ஒரே செயலை நிஜமாகச் செய்வதா, பாவனையாகச் செய்வதா, எது பிடிக்கும் என்று கேட்டு 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். நிஜத்தையே பெரும்பாலும் தேர்ந்தார்கள். நான்கு வயதைத் தொட்டவர்களிடம் அந்த விருப்பம் இன்னும் தெளிவாக இருந்தது. பாவனை போதும் என்ற குழந்தைகள் சொன்ன காரணங்கள்தான் முக்கியம். நிஜத்தைச் செய்யப் பயமாக இருக்கிறது, எனக்குச் செய்யத் தெரியாது, வீட்டில் விடமாட்டார்கள். அதாவது பொம்மை அடுப்பில் சமைக்கிற பிள்ளைகளில் பலர், நிஜ அடுப்பின் பக்கம் அனுமதி கிடைக்காததால் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அதே ஆண்டில் ஒகையோ மாநிலத்தின் டொலீடோ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வு, 36 மழலைகளை ஒரு முறை 4 பொம்மைகளோடும் இன்னொரு முறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டுப் பார்த்தது. நான்கு மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், பலவிதமாக விளையாடினார்கள். சிறிய ஆய்வுதான், இதை வைத்துச் சட்டம் எழுத முடியாது. பதினேழாவது பொம்மையை வாங்கப் புறப்படுகிறவரைக் கொஞ்சம் யோசிக்க வைக்க இது போதும்.

நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் இன்றும் சில ஊர்களில் நடக்கும் சிறுவீட்டுப் பொங்கலை இங்கே சொல்லாமல் போக முடியாது. மார்கழி முழுக்கப் பெண்பிள்ளைகள் வாசல் கோலத்தில் சாணத்தைப் பிடித்துப் பூசணிப்பூ செருகி வைப்பார்கள். அவற்றைத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். முற்றத்தில் களிமண்ணால் ஒரு சிறிய வீடு எழும்பும். தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்தபின் ஒரு நாள், அந்தச் சிறு வீட்டின் முன் சிறிய பானையில் பிள்ளைகளுக்காகவே பொங்கல் வைப்பார்கள். வீடு சிறிது, பானை சிறிது. அரிசியும் நெருப்பும் நிஜம். பொங்கியதை எல்லோரும் சாப்பிடலாம். மண்ணைச் சோறென்று வைத்து விளையாடும் சிற்றிலுக்கும் இதற்கும் நடுவில் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் குழந்தை ஏறுவதற்கு ஊரே கைகொடுக்கிறது. நாம் வாங்கிக் கொடுக்கும் மின்கல அடுப்பு, சிவப்பு விளக்கு எரிந்து சங்கீதம் பாடினாலும், அந்தப் படியின் கீழேயே பிள்ளையை நிறுத்திவைக்கிறது.

இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி இதையே வேறு வழியில் கண்டுகொண்டார். 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ பகுதியில், ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக அவர் தொடங்கிய இல்லத்திலிருந்து வளர்ந்த கல்விமுறையில் பீங்கான் தட்டும் கண்ணாடிக் குவளையும் பாடக்கருவிகள். குழந்தைகள் அவற்றில்தான் பரிமாறினார்கள், சாப்பிட்டார்கள், கழுவி அடுக்கினார்கள். அவருடைய வாதம் எளியது. உலோகத் தட்டைப் போட்டால் சத்தம் வரும், அவ்வளவுதான். பீங்கான் தட்டைப் போட்டால் தட்டு இல்லாமல் போகும். தவறு நேர்ந்ததை ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை, பொருளே சொல்லிவிடும். திட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. அடுத்த முறை குழந்தை இரண்டு கையாலும் பிடிக்கும். இது நமக்குத் தூரத்துக் கதையும் இல்லை. 1939-இல் சென்னை வந்த மாண்டிசோரி, அடையாறு தியாசாபிகல் சொசைட்டியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர் காரணமாக 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அவர் பெயரைப் பலகையில் எழுதிய பள்ளிகள் நம் தெருக்களில் எத்தனையோ. அவற்றில் எத்தனை இடத்தில் பிள்ளைகள் கையில் பீங்கான் தட்டு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தால் தெரியும், பெயர் வந்த அளவுக்குத் தட்டு வரவில்லை.

விருத்தாசலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் சுந்தரர் கதை தமிழர்க்குத் தெரியும். பழமலைநாதர் தந்த பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தாராம். ‘ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது’ என்ற பேச்சு அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது. பிள்ளைக்குப் பொறுப்பே இல்லை, எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்று புலம்பும் வீடுகளில், இதுவரை அந்தப் பிள்ளைக்கு என்னென்ன கொடுத்தார்கள் என்று கணக்கெடுத்தால் இதே வேலைதான் நடந்திருக்கும். எப்படிப் போட்டாலும் உடையாத, உடைந்தாலும் யாரும் கேட்காத பொருள்களாகப் பத்து ஆண்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் பதினோராவது ஆண்டில் பொறுப்பைத் தேடுகிறோம். சுந்தரருக்குக் கிடைத்தது. நமக்குக் கிடைக்காது.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். முதலாவது, தாய்மார் எல்லோரும் சொல்லக்கூடியது. உடைந்தால் கையைக் கிழிக்குமே? கிழிக்கும். ஆகவே நடக்கப் பழகும் வயதில் இதைக் கொடுக்கச் சொல்லவில்லை. மூன்று, நான்கு வயதில், உட்கார்ந்து குடிக்கும் பழக்கம் வந்தபின், கனமான அடியும் பிடியும் உள்ள சிறிய கோப்பையாகத் தொடங்கலாம். சில்லைப் பெரியவர்தான் பொறுக்க வேண்டும்; வெறுங்காலோடு நிற்காதே என்று சொல்லிக் கொடுப்பதும் பாடத்தில் சேர்த்திதான். நம் வீடுகளுக்கு இது அந்நியமும் இல்லை. ஊறுகாய்ப் பீங்கான் ஜாடியைப் பரணிலிருந்து இறக்கும்போது வீட்டில் எல்லோரும் மூச்சடக்கி நிற்கிற மரியாதையை மூன்று தலைமுறை பழகியிருக்கிறது. விளக்கு விஷயத்தில் நெருப்பும் உண்டு. பருத்திச் சட்டை, பக்கத்தில் ஒரு பெரியவர், இந்த இரண்டும் இல்லாமல் தீக்குச்சி குழந்தை கைக்குப் போகக் கூடாது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. பீங்கானின் பளபளப்புப் பூச்சிலும் வண்ணத்திலும் ஈயம் இருக்கலாமே? இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கண்டறியப்படவில்லை. வீட்டுச் சுவர் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2016-இல் விதி வந்ததும் இதனால்தான். விளக்குக்கும் அலங்கார பொம்மைக்கும் பூசுகிற கிளேஸ் வேறு, உண்ணும் கலத்துக்குப் பூசுகிறது வேறு. அகல் விளக்கில் பாயசம் ஊற்றிக் கொடுக்கக் கூடாது. உணவுக்கென்று செய்து விற்கும் கோப்பையைத்தான் வாங்க வேண்டும், உள்பக்கம் வெள்ளையாக, வண்ணம் வெளியில் மட்டும் இருப்பது இன்னும் நல்லது. கோப்பை செய்கிற கூடங்கள் ‘உணவுக்கு ஏற்றது, ஈயம் இல்லை’ என்று சோதித்து அச்சிட்டு விற்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்கத் தொடங்கினால், அது விருத்தாசலத்துக்கும் நன்மை. பொம்மை விஷயத்தில் அரசு இதைச் செய்துகாட்டியிருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். இறக்குமதிப் பொம்மைக்கான சுங்கவரியை 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தினார்கள். பொம்மை பாதுகாப்பானதா, எந்த நாட்டுச் சரக்கு என்றெல்லாம் நாடு யோசித்துவிட்டது. அது வேண்டுமா என்ற கேள்வி மட்டும் வீட்டுக்கு விடப்பட்டிருக்கிறது.

மூன்றாவதாக, குழந்தையின் சந்தோஷத்தில் ஏன் உபயோகக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்பார்கள். 1989-ஆம் ஆண்டின் ஐநா குழந்தை உரிமைகள் உடன்படிக்கை விளையாட்டை உரிமையாகவே சொல்கிறது. இந்தியா 1992-இல் அதை ஏற்றிருக்கிறது. ஏற்கிறேன். ஆனால் உரிமை விளையாட்டுக்குத்தான், கடைச் சரக்குக்கு இல்லை. நுங்கு தின்ற குரும்பையில் வண்டியும் தீப்பெட்டியில் ரயிலும் செய்த பிள்ளைகளுக்கு யாரும் எதையும் பரிசளிக்கவில்லை. கடைப்பொம்மை ஒன்றுகூடக் கையில் எடுத்திராத குழந்தை இன்றும் நம்மிடையே இருக்கிறது. அதற்கு முதல் பரிசாகக் கோப்பையை நீட்டுவது கல்நெஞ்சம். அந்தக் குழந்தைக்குப் பொம்மைதான் கொடுக்க வேண்டும். என் பேச்சு பதினாறு பொம்மை இருக்கிற வீட்டோடு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் கழுவிக் கவிழ்க்கிற பாத்திரத்தைப் பற்றியும் நான் பேசவில்லை. அங்கே பொறுப்பு பரிசாக வருவதில்லை, சுமையாக ஏறுகிறது. தன் கோப்பையைத் தானே கழுவி வைப்பதற்கும் வீட்டுப் பாத்திரம் முழுவதையும் துலக்குவதற்கும் உள்ள தூரம் குழந்தைக்கே தெரியும்.

சேமிப்புக் கணக்கு, தங்கக் காசு, 2015-இல் வந்த செல்வமகள் சேமிப்புத் திட்டம் எல்லாம் பொம்மைக்கு மாற்றாகச் சிலர் சொல்வார்கள். நல்ல காரியங்கள், பெற்றோர் தம் கவலைக்குச் செய்துகொள்ளும் மருந்துகள். குழந்தை தொடமுடியாத ஒன்றைக் குழந்தைக்குக் கொடுத்ததாகச் சொல்லக் கூடாது. கொலு பொம்மையும் இந்த வகைதான், பாவம். ஒன்பது நாள் படியில் இருக்கும், ‘தொடாதே’ என்பதே அதற்கான பாட்டு. புத்தகம் நல்ல பரிசு. மரக்கன்றும் நல்ல பரிசு, வைக்க மண் இருந்தால். ஆனால் சேமிப்பென்றால் எனக்குப் பிடித்தது பழைய மண் உண்டியல். மேலே ஒரு கீறல், திறக்க வழியில்லை. உடைத்தால்தான் காசு. உடைப்பதற்காகவே வாங்கும் மண்பாண்டம் இது. இப்போது உடைப்பதா, இன்னும் சேர்ப்பதா என்று குழந்தை மாதக்கணக்கில் யோசிக்கும். உடைத்த அன்று காசு கிடைக்கும், உண்டியல் போய்விடும். பூட்டும் சாவியும் வைத்த தகர உண்டியலும், தட்டினால் தொகை காட்டும் செல்போன் செயலியும் இந்த யோசனைக்கு இடம் தருவதில்லை.

இன்னொன்றும் கொடுக்கலாம், விருத்தாசலம் போன்ற ஊரில் மட்டும் அது எளிதாகக் கிடைக்கும். ஒரு பிடி களிமண்ணும், சூளையில் ஓர் ஓரமும். குழந்தை தானே பிடித்த கிண்ணம் முதலில் நாள்கணக்கில் காய வேண்டும். ஈரத்தோடு சுட்டால் உள்ளே நீராவி சேர்ந்து வெடித்துவிடும். காயும்போதும் வேகும்போதும் மண் சுருங்குவதால், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சிறுத்து வரும். கோணலாக வரலாம், விரிசலோடு வரலாம், வராமலும் போகலாம். காத்திருப்பது, இழப்பது, மறுபடி பிடிப்பது என்று பல பாடங்கள் அந்த ஒரு பிடி மண்ணில் இருக்கின்றன. தயாரிப்புக் கூடத்துத் தூசியில் சிலிக்கா உண்டு, அங்கே பிள்ளைகளை உலவவிடுவது தவறு. ஈர மண்ணோடு வேலை செய்ய ஒரு தனி அறை போதும். பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கிற நிறுவனம் உள்ள ஊரில், மாதத்தில் ஒரு சனிக்கிழமை இதற்கு ஓர் அறை ஒதுக்குவது பெரிய செலவில்லை.

செராமிக் கூடங்கள் நொடித்துப் போகாமல் இருக்க இதையெல்லாம் வாங்குங்கள் என்று கேட்க எனக்கு மனமில்லை. பரிதாபத்துக்கு வாங்கும் கோப்பை, வாங்கிய அன்றே அலமாரிக்குப் போய்விடும். கூடம் நடத்துகிறவர்களிடம்தான் ஒரு கோரிக்கை. பெரியவர்களின் அளவில் செய்யும் அதே கோப்பையை நூறு மில்லி கொள்ளும்படி, சின்ன விரல் நுழையும் பிடியோடு, அடி அகலமாக ஓர் அச்சு எடுங்கள். வெளிப்புறத்தில் கிளேஸுக்கு அடியில் பெயர் எழுதிச் சுடும் வசதி வையுங்கள். எவர்சில்வரில் பேர் வெட்டிக் கேட்டவர்கள் இதையும் கேட்பார்கள். பெற்றோரிடம் ஒன்று. இந்தக் கார்த்திகைக்கு விளக்கு வாங்கும்போது நான்கைத் தனியாக எடுத்துவையுங்கள். எண்ணெய் ஊற்றுவது, திரி போடுவது, ஏற்றுவது, மறுநாள் துடைத்துப் பத்திரப்படுத்துவது எல்லாம் பிள்ளையின் பொறுப்பு. அடுத்த கார்த்திகைக்கு மூன்றுதான் மிஞ்சியிருந்தால், நான்காவதை உடனே வாங்கித் தராதீர்கள்.